எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்

எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் என்றார்
பெயின்டர் சித்தேஸ்வரன்.
புள்ளிக்குக் காசில்லையாம்,
புள்ளி வைத்த எழுத்துக்கு உண்டாம்.

குகைப் பூங்காவின் பழைய பலகையில்
துரு தின்றதுபோக
'கூடாது' மட்டும் மிச்சமிருந்தது.
எது கூடாதென்று தெரியாமலே
இரண்டு வருடமாய்
எல்லோரும் ஓரளவு ஒழுங்காகத்தான் இருந்தோம்.

நலச்சங்கத்தின் பொருளாளர் நான்.
செயலாளர் ஜம்புலிங்கம் எட்டு விதி எழுதித் தந்தார்.
தட்டுவடை செட்டின் சிவப்புச் சட்னி சொட்டி
மூன்றாவது கரைந்திருந்தது.
அது குப்பை பற்றியது.

பறிக்காதே, ஐந்து எழுத்து.
பறிக்காதீர்கள், எட்டு.
மரியாதைக்கு முப்பத்தாறு ரூபாய் கூடுதல்.
எட்டு விதிக்கும் மரியாதை கொடுத்தால்
குழாய் ரிப்பேர் அடுத்த ஆடிக்குத் தள்ளிப்போகும்.
கையிருப்பு 'தே' வரைக்கும்தான் எட்டும்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு
சாயங்காலம் பூங்காவிலேயே உட்கார்ந்தேன்.
வடக்கே சேர்வராயன் மலைமேல்
ஒவ்வொரு விளக்காக ஏறிக்கொண்டிருந்தது.

சத்தம் போடாதே:
விசைத்தறி ஓட்டும் செல்லக்குமார்
ஊஞ்சல் பக்கம் நின்று
போனில் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறான்.
பதினெட்டு வருடம் தறிக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.
அவன் கிசுகிசுத்தாலே
வாசலில் சுண்டல்காரர் திரும்பிப் பார்ப்பார்.
அவனை நோக்கி ஒரு பலகை
'போடாதே' என்று அதட்டலாமா?

பூ பறிக்காதே:
விடியலில் பாலிதீன் பையோடு வந்து
நந்தியாவட்டையை மொட்டையடிப்பது
சங்கத் தலைவரின் மாமியார்.
இதில் நான் யோசிக்கவே இல்லை.
முப்பத்தாறு ரூபாய் போனால் போகிறது,
சங்கம் உடையக்கூடாது.

ஜோடிகள் ஒழுக்கமாக அமரவும்:
கொன்றை மரத்தடியில் இருந்த இருவர்
கல்யாணமாகி நாலு மாதம் ஆனவர்கள்.
ஒற்றை அறையில் ஏழு பேர்.
இங்கே வருவது சண்டை போட.
பல்லைக் கடித்துக்கொண்டு, குரல் உயராமல்,
நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு,
ஜம்புலிங்கம் பார்த்தால் மெச்சுவார்
அப்படியோர் ஒழுக்கம்.

பிறகு அந்த அம்மாள்.
பெரியாஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்திருக்க வேண்டும்.
மணிக்கட்டில் நூல் கட்டிய உடனாளர் சீட்டு,
தலைக்குத் தூக்குவாளி,
சிமெண்ட் பெஞ்சில் முழு நீளத்துக்கு உறக்கம்.
ஒரு செருப்பு கழன்று கீழே கிடந்தது.
பந்தை எடுக்க வந்த பையன்
அதை நேராக்கி வைத்துவிட்டு ஓடினான்.
அந்தப் பையனுக்கு
எந்தப் பலகையும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

தாளைப் பார்த்தேன். எட்டாம் விதி:
இருக்கையில் படுக்காதே.
விரல்விட்டு எண்ணினேன், பதினோரு எழுத்து.
அடித்தேன்.

பதினொன்றில் மூன்று
செல்லக்குமாருக்குப் போனது.
மூன்று மாமியாருக்கு.
மீதி ஐந்து.
ஐந்தை வைத்து என்ன செய்வதென்று
வீடு வரைக்கும் யோசித்து, சோறு வடிக்கும்போது கிடைத்தது.
பலகையின் தலையில், எல்லா விதிக்கும் மேலே:
வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தேஸ்வரன்
ஏணி போட்டு, பீடியைக் காதில் செருகி,
பச்சையில் எழுதி முடித்தார்.
ஜம்புலிங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணினார்.
ஏழுதானா?
எழுத்து போதவில்லை என்றேன்.
கணக்குப்படி அது பொய்யில்லை.

ஏணியை மடக்கிய பெயின்டர்
சாக்குக்கட்டியால் தரையில் எழுதினார்:
'ஈரம். தொடாதீங்க கண்ணு.'
அதற்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன்.
'வா'வின் காலில்
ஒரு சின்னப் பெருவிரல் ரேகை,
கொஞ்சம் தள்ளி, பெஞ்சின் விளிம்பில்
அதே பச்சை.